ஐந்து சென்ட்டில் ஒரு வீடு

மகாராஷ்டிரத்தின் தேஹு ரோட்டில் 22 வருடம் வாடகை வீட்டில் இருந்தோம். ஓய்வுக்கு ஐந்து வருடம் இருக்கும்போது, லோக்கல் ரயிலில் அங்கிருந்து மூன்றாவது நிலையமான தளேகாவில் 2 குண்டா மனை வாங்கினேன். ஒரு குண்டா 1,089 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் இரண்டரை சென்ட். அந்த ஐந்து சென்ட்டில் 480 சதுர அடிக்கு வீடு கட்டினேன். கட்டி முடித்த அனுபவத்தில் சொல்கிறேன்: பத்திரத்திலும் கடக்காலிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். சுவரிலும் தளத்திலும் பிடிக்கலாம்.

நாம் பட்டா, சிட்டா பார்ப்பதுபோல் இங்கே ‘சாத்-பாரா’ பார்க்க வேண்டும். கிராமக் கணக்கின் 7-ஆம், 12-ஆம் படிவங்கள் சேர்ந்த நகல் அது. 1948-ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டப்படி, விவசாயி அல்லாதவர் அனுமதியின்றி மகாராஷ்டிரத்தில் விளைநிலம் வாங்க முடியாது. “மலிவா இருக்கு, அப்புறம் மாத்திக்கலாம்” என்று காட்டிய நிலங்களை விட்டுவிட்டேன். வீட்டு மனையாக ஏற்கெனவே மாற்றப்பட்ட ‘என்.ஏ.’ இடத்தையே தேடி வாங்கினேன்.

தசரா முடிந்து மழை ஓய்ந்ததும் கடக்கால் தோண்டினோம். மேலே கரிசல். மழையில் ஊதும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே நிற்கும் சுவரையும் சேர்த்துப் பிளந்துவிடும். 3 அடியில் கைக்காசு கரைவதைப் பார்த்து, போதும் என்றேன். கவண்டி (இங்கே கொத்தனாருக்கு அதுதான் பெயர்) குழிக்குள் நின்றபடியே மறுத்தார்: “முரூம் வரட்டும், அண்ணா.” முரூம் என்பது மக்கிய எரிமலைப் பாறை, சரளைபோல் இருக்கும், ஊதாது. என் மனைவி டைல்ஸுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்துக் கொடுத்தாள். “தரையை அப்புறம் போட்டுக்கலாங்க. இதை அப்புறம் போட முடியாது.” நாலரை அடியில் முரூம் தட்டியது. அதன்மேல் கருங்கல் கட்டு.

சுவருக்கு, லாரி பேக்கர் இந்தியாவில் பரப்பிய ‘ரேட் ட்ராப்’ முறை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டு 9 அங்குலச் சுவர் எழுப்புவது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். ஆனால் 1967-இல் கொய்னா நிலநடுக்கம் கண்ட மாநிலம் இது. கடக்கால் மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட், மூலைகளில் நெட்டுக்குக் கம்பி. இவற்றில் கை வைக்கவில்லை. தளேகாவ் இருக்கும் மாவள் வட்டாரத்து மழை மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அதனால் மேற்குச் சுவரை மட்டும் வெளியே பூசினோம்.

தளத்தில் மேல்பகுதி கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழே இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு இடையே அடியில் கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் பாரம்தான். அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துத் தளம் போட்டோம். இதுதான் ‘ஃபில்லர் ஸ்லாப்’. கம்பி இடைவெளியைப் பொறியாளர் கணக்கிட்டுத் தந்தார். அவர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

தளேகாவ் காசு காசாய்ச் சேர்ப்பதன் அருமை அறிந்த ஊர். மக்களிடம் பைசா பைசாவாகத் திரட்டிய ‘பைசா ஃபண்ட்’ கண்ணாடித் தொழிற்சாலை சுதேசி காலத்தில், 1908-இல், இங்கேதான் தொடங்கியது. நாங்களும் சிமெண்ட் தரையில் குடியேறி, டைல்ஸும் சுற்றுச்சுவரும் சம்பளம் சேரச் சேர மூன்று வருடத்தில் முடித்தோம்.

மனை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பணம் கொடுப்பதற்குமுன், நிலக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஓர் ஆளை வைத்து 5 அடிக் குழி தோண்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதை அந்த மண்தான் முதலில் சொல்லும்.