செவித்துணைக் கருவிக்கேற்ற செல்போன் எது?

கடல் கடந்து பொருளீட்டச் சென்ற பிள்ளைகளின் குரலைக் கேட்பது நம் இல்லங்களில் முதியோருக்குப் பெரும் ஆறுதல். சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ அழைப்பு வந்ததும் வீடே கூடிவிடுகிறது. ஆனால், காது மந்தமான பெரியவர் இரண்டு சொல் கேட்டுவிட்டு, "நீயே பேசும்மா" என்று கைப்பேசியை மருமகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நாளடைவில் அவரை அழைப்பதையே வீட்டார் மறந்துவிடுகின்றனர். காதில் விலையுயர்ந்த கருவி இருந்தும் இந்நிலை ஏன்? பல வேளைகளில், காதிலுள்ள கருவியும் கையிலுள்ள செல்போனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமையே காரணமாகும்.

தொலைபேசியே காது கேளாதோர் வாழ்ந்த வீட்டில் பிறந்த பொருள் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1876-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாயார் செவித்திறன் குன்றியவர். அவருடைய மனைவியோ குழந்தைப் பருவத்திலேயே காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். பெல்லும் காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியராகவே இருந்தார். அவர் கண்ட கருவி இன்று அதே மக்களுக்கு எட்டாக்கனியாகிவிடக் கூடாது.

உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓரளவில் செவித்திறன் குறைபாடு உள்ளதென்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவர்களுள் சுமார் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ துணைக்கருவியோ இன்றியமையாதது. ஆகவே, இது ஒரு சிலரின் குறையன்று.

இரைச்சல் வருவதேன்?

செவித்துணைக் கருவியில் ஓர் ஒலிவாங்கியும், ஒலியைப் பெருக்கும் நுண்ணிய மின்சுற்றும் உள்ளன. பழைய 2ஜி முறையில் இயங்கும் செல்போன் தன் அலைகளைத் தொடர்ச்சியாக அனுப்பாமல், நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அனுப்புகிறது. அத்துடிப்பைக் கருவியின் மின்சுற்று உள்வாங்கிப் பெருக்கிவிடுவதால், வண்டு ரீங்காரமிடுவது போன்ற இரைச்சல் காதில் விழுகிறது. எதிரில் பேசுபவரின் குரல் அதில் மூழ்கிவிடுகிறது.

"பெரியவருக்குப் பட்டன் போன் போதும்" என்று வாங்கித் தரும் பிள்ளைகள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். பட்டன் இருப்பது குறையன்று. அது 2ஜி மட்டும் உடையதாக இருப்பதே குறை. 4ஜி அழைப்பில் இந்த இரைச்சல் பெருமளவு குறைவு. 4ஜி வசதியுடைய பட்டன் போன்களும் இப்போது கிடைக்கின்றன.

4ஜியால் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. 4ஜியின் தெளிவொலி முறை ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகளே. 'ஸ', 'ஃப' போன்ற மெல்லொலிகள் அங்கேதான் உள்ளன. "குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று பெரியவர்கள் குறைப்படுவது இதனாலேயே. இத்தெளிவு முழுமையாகக் கிடைக்க, பேசும் இருவர் பக்கமும் அவ்வசதி இருக்க வேண்டும்.

'எம்', 'டி' எழுத்துகள்

அமெரிக்காவில் தொலைபேசிகள் செவித்துணைக் கருவிக்கு ஒத்துப்போக வேண்டும் என 1988-இல் சட்டம் வந்தது. செல்போனுக்கு அப்போது விலக்கு இருந்தது. 2003-இல் அவ்விலக்கு தளர்த்தப்பட்டது. 2024-இல், காலப்போக்கில் எல்லா செல்போன்களுமே அவ்வாறு அமைய வேண்டுமென அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் முடிவு செய்தது.

இதன் பயனாகப் பல போன்களுக்குத் தர எண்கள் வழங்கப்பட்டன. 'எம்' என்பது கருவியின் ஒலிவாங்கி வழியாகக் கேட்பதற்கானது. 'டி' என்பது கருவியினுள் இருக்கும் டெலிகாயில் எனும் கம்பிச்சுருள் வழியாகக் கேட்பதற்கானது. எம்3, டி3 என்றால் நன்று; எம்4, டி4 என்றால் மிக நன்று. புதிய அளவுகோலின்படி சோதிக்கப்பட்டவற்றில் இந்த எண்கள் இரா. பொருந்தும் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். எல்லாக் கருவிகளிலும் டெலிகாயில் இருப்பதில்லை. கருவியைப் பொருத்திய ஆடியாலஜிஸ்டிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

கம்பியில்லா இணைப்பு

ப்ளூடூத் வசதியுள்ள கருவிகளில் போனின் ஒலி நேரே காதுக்குள் வந்துவிடும். ஆயினும் எல்லாக் கருவியும் எல்லாப் போனுடனும் இணைவதில்லை. சில ஐபோனுக்கென அமைந்தவை. சில, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் குறிப்பிட்ட போன்களுடன் மட்டும் இணைபவை. சில கருவிகள் சாதாரண ப்ளூடூத் உள்ள எந்தப் போனுடனும் இணையும். எந்தெந்தப் போன் பொருந்தும் என்ற பட்டியலைக் கருவி நிறுவனங்களே வெளியிடுகின்றன. ஆகவே, கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொண்டு, பட்டியலைப் பார்த்த பிறகே போன் வாங்கச் செல்ல வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

விலை உயர்ந்த போன் பொருந்தும், மலிவானது பொருந்தாது என்று விதியில்லை. காதே நீதிபதி. எனவே பெரியவரை வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளைகள் மட்டும் ரிச்சி தெருவுக்கோ வேறு கடைக்கோ சென்று வாங்கி வருவது முறையன்று. அவரைக் கருவியுடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய சிம் கார்டைப் போட்டு, வீட்டிலிருந்து ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். இரைச்சல் வருகிறதா, சொல் விளங்குகிறதா, ஒலியைக் கூட்டினால் சீழ்க்கை எழுகிறதா என்று பாருங்கள். பிறகு கடைக்கு வெளியே வந்தும் ஒருமுறை பேசச் செய்யுங்கள். சைதாப்பேட்டை பஜார் ரோட்டின் சந்தடியில் விளங்குகிற பேச்சு வீட்டில் இன்னும் நன்றாக விளங்கும். பொருந்தாவிடில் மாற்றித் தருவார்களா என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் முறையும் முக்கியம். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் ஒலிவாங்கி காது மடலின் மேற்பக்கத்தில் உள்ளது. போனைக் காதுத் துளையில் வைத்தால் பயனில்லை. சற்றே மேலே உயர்த்தி, கருவியருகே பிடிக்க வேண்டும். அதுவும் ஒத்துவராவிடில், தனியறையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசலாம். முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் உதட்டசைவும் துணை செய்யும். அழைப்பு வரும்போது விளக்கு மின்னும் வசதியும், பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் வசதியும் பல போன்களில் உள்ளன.

பேணும் முறை

ஒளூச் செய்யும் முன் கருவியைக் கழற்றி, உலர்ந்த இடத்தில் வைத்து, காதை நன்கு துடைத்த பின்னரே மீண்டும் அணிய வேண்டும். நம் சென்னையின் ஈரக்காற்றுக்கு, இரவில் ஈரமுறிஞ்சும் மணிகளுள்ள டப்பாவில் வைப்பது நல்லது. பள்ளிவாசலுக்குள் போனை நிறுத்திவிடுவது அவருக்கும் நல்லது. அழைப்பு மணி நேரே காதுக்குள் ஒலித்துத் தொழுகையைக் கலைக்காது.

கருவி இல்லாதோர் பரிசோதனையின்றி எதையும் வாங்கிவிடக் கூடாது. அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் செவித்திறனைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தகுதியுடையோருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வாயிலாகக் காதொலிக் கருவி இலவசமாகவே வழங்கப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டாரின் பொறுமை வேண்டும். போனில் கத்திப் பேசினால் ஒலி சிதையுமேயன்றி விளங்காது. நிதானமாக, சொற்களைப் பிரித்துப் பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைகளும், "அத்தாகிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்று முடித்துவிடாமல், முதலில் அவரிடம் பேசிவிட்டே மற்றவரிடம் பேசட்டும்.