டிகிரியில் 50 சதவீதம் இல்லையா? பி.ஜி. படிக்க இருக்கும் வழிகள் இதோ!

பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்தாச்சு. ஆனால் மார்க் 45, 46 சதவீதத்தில் நிற்கிறது. "50 இல்லைன்னா பி.ஜி. கிடையாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். முத்துப்பேட்டை போன்ற ஊர்களில் அடுத்த பேச்சு சிங்கப்பூர் அல்லது வளைகுடா விசாவாகத்தான் இருக்கும். உண்மையில் இந்த 50 சதவீதம் எல்லாப் படிப்புக்கும் பொதுவான விதியா? இல்லை.

முதலில் மார்க் ஷீட்டை மறுபடி பாருங்க

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மதிப்பெண் பகுதி 1, 2, 3 என்று பிரிந்திருக்கும். முதல் இரண்டும் மொழிப் பாடங்கள். முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும் பகுதி 3-ல் வரும். முதுகலை சேர்க்கையில் பொதுவாகப் பார்ப்பது இந்தப் பகுதி 3-ஐத்தான். ஆங்கிலத் தாளில் தடுமாறி மொத்தம் 47-க்கு இறங்கியவருக்கு, பகுதி 3-ல் மட்டும் கணக்குப் போட்டால் 54 இருக்கலாம். இதைப் பார்க்காமலேயே "நமக்குத் தகுதி இல்லை" என்று முடிவு கட்டுவதுதான் பெரிய நஷ்டம்.

எந்தப் படிப்புக்கு எவ்வளவு?

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் வழியாக எம்.பி.ஏ. சேர, பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 45 சதவீதம் வேண்டும். மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு பொதுப் பிரிவில் 45, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 போதும். பி.எட். முதுகலைப் படிப்பு இல்லைதான்; ஆனால் டெல்டாவில் டிகிரி முடித்த பலரும் முதலில் யோசிப்பது அதைத்தான். தமிழ்நாட்டில் அதற்கான கட்-ஆஃப்: பொதுப் பிரிவு 50, பி.சி. 45, எம்.பி.சி. 43, எஸ்.சி., எஸ்.டி. 40. அதாவது வரலாறு படித்து 44 எடுத்த எம்.பி.சி. மாணவர் பி.எட். விண்ணப்பிக்கலாம், டான்செட் எம்.பி.ஏ.வுக்கு ஒரு சதவீதம் குறைகிறது.

இன்னொரு விஷயம். ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சிலின் 2014 விதிப்படி, பி.எட். படிக்க இளங்கலை அல்லது முதுகலை, இரண்டில் ஒன்றில் 50 சதவீதம் இருந்தால் தகுதி உண்டு. டிகிரியில் விட்டதை பி.ஜி.யில் பிடிக்க முடியும்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

திருவாரூர் திரு.வி.க., மன்னார்குடி ராஜகோபாலசாமி, தஞ்சை சரபோஜி ஆகிய அரசுக் கல்லூரிகளில் சேர்க்கை ரேங்க் பட்டியல்படிதான். எம்.காம்., எம்.எஸ்சி. கணினி அறிவியல் போன்றவற்றுக்குக் கூட்டம் அதிகம், அங்கே குறைந்த மார்க் வைத்துக்கொண்டு போட்டி போடுவது கஷ்டம். கூட்டம் குறைவான பாடமாக இருந்தால், முதல் சுற்றில் பெயர் வராவிட்டாலும் அடுத்தடுத்த சுற்றுகளை விடாமல் கவனியுங்க. திருவாரூர் பக்கத்தில் நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கியூட் பி.ஜி. தேர்வு மதிப்பெண்தான் ரேங்கைத் தீர்மானிக்கிறது. ஆனால் ஒவ்வொரு படிப்புக்கும் குறைந்தபட்சத் தகுதி என்ன என்று தேர்வுக் கட்டணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

சதவீதமே கேட்காத இடம்

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள். டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இக்னோவில் பெரும்பாலான எம்.ஏ. படிப்புகளுக்கு ஒரு டிகிரி பாஸ் ஆகியிருந்தாலே போதும். ஜனவரி, ஜூலை என வருஷத்துக்கு இரண்டு முறை சேர்க்கை. ஆனால் அங்கேயும் எம்.பி.ஏ.வுக்கு 50, 45 விதி உண்டு. 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழ் வழியில் படிக்க நினைப்பவர்களுக்கு வசதி.

"தபால் வழி டிகிரிக்கு மதிப்பு உண்டா?" உண்டு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் திட்டம் இருந்தால் மட்டும், அந்த நாட்டில் தொலைநிலைப் பட்டத்தை ஏற்பார்களா என்று முதலில் விசாரியுங்க. நாட்டுக்கு நாடு இது மாறும்.

பி.ஜி. மார்க்கில் கோட்டை விடாதீங்க

கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வை முதுகலை முடித்து எழுத, பி.ஜி.யில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 50. இங்கே ரவுண்ட் ஆஃப் கிடையாது, 54.9 என்றால் 54.9 தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, 2-க்கோ யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுக்கோ டிகிரியில் சதவீதக் கட்டுப்பாடு இல்லை, பாஸ் ஆகியிருந்தால் போதும்.

ஏஜென்ட் சொல்லும் 'ஒரே வருஷ பி.ஜி.'

மார்க் குறைந்தவர்களைத்தான் இவர்கள் முதலில் வளைப்பார்கள். "ஒரே வருஷத்தில் எம்.ஏ., பரீட்சையை நாங்க பார்த்துக்கிறோம்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீங்க. மூன்று வருஷ டிகிரிக்குப் பிறகு முதுகலைக்கு இரண்டு வருஷம். பல்கலைக்கழகமும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்க்கலாம். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தும் படிப்புக்கு இல்லாமல் போகலாம், அதனால் இரண்டையும் பாருங்க.

தொலைநிலையில் சேர இப்போது டெப் ஐடி என்ற எண்ணும் கேட்கிறார்கள். அதற்கு முதலில் ஏ.பி.சி. ஐடி வேண்டும், அது ஆதாரோடு இணைந்தது. ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறொரு இனிஷியல் என்று இருந்தால் சேர்க்கை தேதி வரும் முன்பே இ-சேவை மையத்தில் விசாரித்துத் திருத்திக்கொள்வது நல்லது.