ஒரு ஸ்பூன் சிரப்பில் ஒரு முழு சப்ஜெக்ட்!

சென்னை - பெங்களூரு ஹைவேஸில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் வருகிறது சுங்குவார்சத்திரம். ஷிஃப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்கள், யூனிஃபார்மோடு டீ குடிக்கும் டிப்ளமோ பசங்க, ஒரகடம் பக்கம் திரும்பும் கன்டெய்னர் லாரிகள் என்று எந்நேரமும் பரபரப்புதான். கார், பைக், செல்போன் என்று இந்த ஏரியாவில் தயாராகாத பொருளே இல்லை என்பார்கள். மருந்தும் தயாரானது. 2025 அக்டோபரில் இந்த ஊர் பெயர் நாடு முழுக்க அடிபட்டதற்குக் காரணம், இங்கே தயாரான ஓர் இருமல் சிரப்!

செகண்ட் இயர் எம்.பி.பி.எஸ். நண்பர்களே, கே.டி.திரிபாதி புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்க. 'பார்மகாலஜியா? மருந்து பேரை மக்கப் பண்ற சப்ஜெக்ட்தானே மச்சி!' என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அந்த சப்ஜெக்டின் முதல் சில சாப்டர்கள் அத்தனையும் இந்த ஒரே சம்பவத்துக்குள் இருக்கு.

என்ன நடந்தது?

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டம். 2025 செப்டம்பரில் சளி, காய்ச்சல் என்று வந்த சின்னக் குழந்தைகள் சிலருக்கு, நாலைந்து நாளில் சிறுநீர் போவது நின்றுவிட்டது. கிட்னி ஃபெயிலியர்! தண்ணீரில் கோளாறா, எலிக் காய்ச்சலா என்றெல்லாம் தேடிப் பார்த்து, கடைசியில் சந்தேகம் 'கோல்ட்ரிஃப்' சிரப் மேல் விழுந்தது. தயாரித்தது, சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் வந்ததும் அதிகாரிகள் ஃபேக்டரிக்குப் போய் சாம்பிள் எடுத்தார்கள். எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சில், 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைக்கால்! பலியான குழந்தைகள் 20-க்கும் மேல். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். உரிமையாளர் கைதானார், அதே அக்டோபரில் லைசென்ஸ் ரத்தானது. கண்காணிக்கத் தவறியதாக இங்கே இரண்டு மருந்து ஆய்வாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

பாடம் 1: மருந்து என்றால் மருந்து மட்டுமில்லை

கோல்ட்ரிஃப் லேபிளில் இருந்தவை மூன்றே மருந்துகள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால், மூக்கு ஒழுகுவதற்கு குளோர்ஃபெனிரமின், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின். மூன்றுமே பாடத்தில் வருகிற பழகிய முகங்கள். கொன்றது இவை இல்லை.

பாராசிட்டமால் தண்ணீரில் லேசில் கரையாது. கரைய வைக்க ஒரு கரைப்பான் வேண்டும். அதற்குத்தான் புரோப்பிலீன் கிளைக்கால். மருந்துத் தரத்தில் வாங்கினால் பிரச்னை இல்லை. தரமில்லாத சரக்கில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்து வரலாம். அதுவும் நிறமில்லாமல், கொழகொழவென்று, இனிப்பாகவே இருக்கும். பார்த்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது. பிரேக் ஆயில், கூலன்ட் மாதிரி விஷயங்களில் இருக்க வேண்டிய கெமிக்கல் அது. ஒவ்வொரு டிரம்மையும் லேபில் டெஸ்ட் பண்ணியே ஆகணும். கரைப்பான், இனிப்பு, கலர், வாசனை என்று மருந்தோடு சேரும் இந்த 'துணைப் பொருட்கள்' பாடப் புத்தகத்தில் ரெண்டு வரியில் முடிந்துவிடும். பரீட்சைக்கு அது போதும், வாழ்க்கைக்குப் போதாது!

பாடம் 2: கணக்கு போடுங்க பாஸ்!

'அளவுதான் விஷத்தைத் தீர்மானிக்கிறது' என்பது 16-ம் நூற்றாண்டு பாராசெல்சஸ் காலத்திலிருந்தே சொல்லப்படும் விஷயம். 48.6 சதவிகிதம் என்றால், 100 மில்லியில் 48.6 கிராம். 5 மில்லி ஸ்பூனில் 2.43 கிராம். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் 7.29 கிராம். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ 0.1 சதவிகிதம்தான். அதாவது ஸ்பூனுக்கு வெறும் 5 மில்லிகிராம். 486 மடங்கு!

இதையே 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோ கணக்கில் போட்டுப் பாருங்க. டோஸ் கால்குலேஷனை ஏன் உயிரை வாங்கிச் சொல்லித் தருகிறார்கள் என்று புரியும்.

பாடம் 3: உடம்பே தயாரிக்கும் விஷம்

இங்கேதான் ட்விஸ்ட். டைஎத்திலீன் கிளைக்கால் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிட்டால் இவ்வளவு சேதம் இருக்காது. ஆனால், கல்லீரல் சும்மா இருக்குமா? ஆல்கஹாலை உடைக்கும் அதே டீஹைட்ரஜனேஸ் என்சைம், இதையும் உடைக்கத் தொடங்கும். அடுத்தடுத்த படிகளில் டைகிளைக்காலிக் அமிலம் உருவாகும். அது சிறுநீரகக் குழாய் செல்களுக்குள் போய்ச் சேர்ந்து, செல்லுக்கு சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும். செல்கள் செத்துப்போகும், சிறுநீர் நிற்கும். பிறகு நரம்பு மண்டலமும் பாதிக்கப்படலாம்.

'கல்லீரலில் மாற்றம் அடைந்தால் மருந்தின் வீரியம் குறையும்' என்று பொதுவாகப் படிப்போம். எப்பவும் அப்படி இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். முறிவு மருந்தின் லாஜிக்கும் இதிலேயே இருக்கு. ஃபோமெபிசோல் அந்த என்சைமைத் தடுத்துவிடும், விஷம் உருவாவது நிற்கும், டயாலிசிஸ் மிச்சத்தை வெளியேற்றும். ஆனால், எல்லாம் ஆரம்பத்திலேயே நடக்கணும். அமிலம் உருவாகி கிட்னி கெட்டபிறகு என்சைமைத் தடுத்து என்ன பயன்? சிந்த்வாரா குழந்தைகளுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

பாடம் 4: ஒரு ஸ்டூடன்ட்டின் கதை

இது முதல் தடவையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தை சிரப்பாக்க ஆசைப்பட்டது ஒரு கம்பெனி. கரைப்பானாகச் சேர்த்தது இதே கெமிக்கலை! ருசி பார்த்தார்கள், வாசனை பார்த்தார்கள், பாதுகாப்பை மட்டும் பார்க்கவில்லை. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மர்மத்தை சிகாகோ பல்கலைக்கழக பார்மகாலஜி லேபில் ஆராய்ந்த குழுவில், ஃபிரான்சஸ் என்ற ஆராய்ச்சி மாணவியும் இருந்தார். அடுத்த வருஷமே, பாதுகாப்பை நிரூபிக்காமல் புது மருந்து விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

1960-ல் தாலிடோமைடு மாத்திரைக்கு அனுமதி கேட்டு ஃபைல் வந்தபோது, 'ஆதாரம் பத்தாது' என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தவரும் அதே ஃபிரான்சஸ் கெல்சிதான். அமெரிக்கக் குழந்தைகள் பெரும் ஊனத்திலிருந்து தப்பின. லேபில் ஒரு மாணவி கற்ற பாடம், ஒரு தேசத்தையே காப்பாற்றியது!

நாம் கற்றோமா? 1986 மும்பை, 1998 குர்கான், 2020 ஜம்மு, 2022-ல் இந்தியாவிலிருந்து போன சிரப் குடித்த காம்பியா குழந்தைகள்... பட்டியல் நீள்கிறது.

பாடம் 5: பேனா உங்க கையில்

சிந்த்வாராவில் சிரப்பை எழுதிக்கொடுத்த டாக்டரும் கைதானார். 'பாட்டிலுக்குள் என்ன இருக்குன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்?' என்று டாக்டர்கள் சங்கம் கொதித்தது. நியாயமான கேள்விதான். பாட்டிலை டெஸ்ட் பண்ணுவது டாக்டர் வேலை இல்லை, அது கம்பெனிக்கும் அரசுக்கும் உள்ள பொறுப்பு. ஆனால், இன்னொரு கேள்வியும் இருக்கு. குளோர்ஃபெனிரமின் - ஃபினைலெஃப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. சாதாரண சளி, பெரும்பாலும் தானாகவே சரியாகும். 'இந்தக் குழந்தைக்கு இந்த மருந்து தேவையா?' என்ற கேள்விக்கு லேப் ரிப்போர்ட் தேவையில்லை, படித்த படிப்பே போதும்.

நாளைக்கு ஓ.பி-யில் உட்காரும்போது மறக்காதீங்க...

* 2 வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் வேண்டாம். 5 வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்பதே 2025 அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் சொன்ன அறிவுரை.
* எடை பார்க்காமல் குழந்தைக்கு டோஸ் எழுதாதீங்க.
* மருந்து குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. பாட்டிலையும் பேட்ச் நம்பரையும் பத்திரப்படுத்துங்க.
* பக்க விளைவு என்று சந்தேகம் வந்தாலே போதும், 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். நிரூபிக்க வேண்டியது உங்க வேலை இல்லை.

தண்டலம் பக்கம் ஹைவேஸ் ஓரத்திலேயே மெடிக்கல் காலேஜ் இருக்கு. அதே ரோட்டில்தான் சுங்குவார்சத்திரமும் இருக்கு. அடுத்த முறை அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே எட்டிப் பாருங்க. இன்டர்னல் மார்க்குக்காகத் திறக்கிற புத்தகத்தை, அந்தக் குழந்தைகளுக்காகவும் ஒருமுறை திறக்கத் தோணும்!