ஏசிக்கு ஏன் தனி லைன்?

கோடையில் 40 டிகிரி வெயில் நெல்லைக்குப் புதிதல்ல. ஏசி வாங்குகிறோம், பழைய வீடென்றால் இருக்கிற பிளக்கிலேயே செருகியும் விடுகிறோம். அங்கேதான் சிக்கல். ஒன்றரை டன் ஏசி முழுவீச்சில் ஏறத்தாழ 7, 8 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். கம்பி தடித்தால் இந்தச் சூடு குறையும்: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடையில் பாதிகூட 4 சதுர மில்லிமீட்டர் கம்பிக்குக் கிடையாது.

"எம்சிபி விழுந்துவிடாதா?" என்பார்கள். விழாது. அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் அந்த சுவிட்ச் கவனிப்பது லைனில் ஓடும் மின்னோட்டத்தை. இணைப்பின் சூட்டை அல்ல. டெர்மினல் திருகு தளர்ந்து அரை ஓம் தடை உண்டானால், 8 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 32 வாட் வெப்பம். பிளக் மஞ்சளாகி, பிறகு கருகும், எம்சிபி அசையாது. இன்வெர்ட்டர் ஏசி குறைவாக இழுக்குமே என்பது பாதி உண்மைதான். அறை குளிர்ந்த பிறகே அது தணியும். பகல் வெயிலைக் குடித்த மொட்டைமாடிக்குக் கீழிருக்கும் அறை அவ்வளவு சீக்கிரம் குளிராது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி தெருவுக்குள்ளேயே வந்தது; ஆகவே அவுட்டோர் யூனிட்டைத் தரையில் வைக்காதீர்கள். மீட்டர் போர்டிலிருந்து தனிக் கம்பி, முறையான எர்த், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி: மாட்ட வருபவரிடம் இம்மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.