மூன்று கிட்டங்கிக்கு ஒரு வண்டித் தூக்கி

துவரம்பருப்பு கிலோவுக்கு ஐம்பது காசு ஏறினால் மதியத்துக்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. லைன் வண்டியின் பிரேக் தேய்ந்திருப்பது மட்டும், வண்டி நடுவழியில் நின்ற பிறகுதான் தெரிகிறது. சரக்கைக் கவனிப்பதில் பாதியளவுகூட வண்டியை நாம் கவனிப்பதில்லை.

எங்களுக்கு விருதுநகரில் கடையும் கிட்டங்கியும் உண்டு. அருப்புக்கோட்டையிலும் ராஜபாளையத்திலும் ஒவ்வொரு கிட்டங்கி. லைனுக்கு ஓடுபவை ஐந்து மினி லாரிகள். அவற்றில் மூன்று டாடா ஏஸ். 2005இல் அந்த வண்டி வந்த பிறகுதான் சந்துக் கடைகளின் வாசலிலேயே மூடை இறக்க முடிந்தது. அதற்கு முன் தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டு, தள்ளுவண்டிக்காரரைத் தேடி அலைந்த காலத்தை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

வண்டிகள் இரவில் மூன்று ஊர்களில் நிற்கின்றன. பிரேக் ஷூ மாற்றுவது, வீல் பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பது எல்லாம் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் பட்டறையில் முறை வருவதற்குள் பொழுது போய்விடும். அன்றைய லைன் கெட்டுவிடும். இரண்டு முறை சரக்கு வராவிட்டால் சில்லறைக் கடைக்காரர் வேறு மொத்தக் கடையைப் பார்த்துக்கொள்வார். மெக்கானிக்கை நம் இடத்துக்கு அழைத்தால் வருவார்தான். வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வண்டியைத் தூக்க என்ன இருக்கிறது?" என்பதே.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய பாட்டில் ஜாக்கி. 2018 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, ராஜபாளையம் கிட்டங்கியில் எங்கள் டிரைவர் அதை வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார். பாதிச் சரக்கு வண்டியிலேயே இருந்தது. துணைக்குச் செங்கல் அடுக்கிவிட்டு அடியில் படுத்தார். 14ஆம் நம்பர் ஸ்பானர் வெளியே கிடந்ததால் அதை எடுக்க ஊர்ந்து வந்தார். அந்த நேரத்தில் ஜாக்கி இறங்கியது. பாரம் செங்கல்மேல் விழுந்தது; செங்கல் பொடிந்தது. அவருடைய பெண் குழந்தைக்கு அப்போது மூன்று வயது. அன்று இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

டிரைவர்மேல் தவறு இல்லை, தவறு எங்களுடையது. எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் ஜாக்கியின் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும், பாரம் இறங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல், அறுத்த மரத்துண்டு, பழைய வீல் டிரம் எதுவும் அந்த வேலைக்கு ஆகாது. இது தெரிந்திருந்தும் ஸ்டாண்டு வாங்காமல் காலம் கடத்தினோம்.

அதன்பின் எங்கள் மூத்த மகன், விருதுநகரில் இரண்டு தூண் லிப்ட் ஒன்றை நிரந்தரமாகப் போடலாம் என்றார். விசாரித்தோம். அதற்குக் கனமான கான்கிரீட் தரை வேண்டும், போல்ட் இறக்க வேண்டும், கூரையும் உயரமாக இருக்க வேண்டும். அதெல்லாம் செய்தாலும், வண்டி அதைத் தேடி விருதுநகர் வர வேண்டும். பட்டறைக்குப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தூக்கி வண்டியிடம் போவதே நமக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தோம்.

எடுத்துச் செல்லும் தூக்கிகளில் சில வகைகள் உண்டு. பஸ், பெரிய லாரிக்கு ஒவ்வொரு சக்கரத்தையும் கவ்வித் தூக்கும் நகரும் தூண்கள் இருக்கின்றன. அவை நமக்கு மிகை. மினி லாரிக்கு, வண்டிக்கு அடியில் இருபுறமும் தள்ளிவைக்கும் இரட்டைச் சட்டமும், தனியாக ஒரு மோட்டார் பம்பும் கொண்ட வகை போதும். இரண்டு ஆள் தூக்கி லைன் வண்டியிலேயே ஏற்றிவிடலாம். இதில் நின்றபடி கியர்பாக்ஸ் கழற்ற முடியாது. சக்கரம், பிரேக், எண்ணெய் மாற்றும் வேலைகளுக்கு ஏற்றது. இதுவும் கைக்கு எட்டாதவர்கள் நல்ல டிராலி ஜாக்கி ஒன்றும் ஸ்டாண்டு நான்கும் வாங்கினாலே பாதி கவலை தீரும்.

நாங்கள் சட்டவகையும் ஸ்டாண்டுகளும் வாங்கினோம். வாங்கியபின் கற்றதுதான் அதிகம். அருப்புக்கோட்டைக் கிட்டங்கி வாடகை இடம். மணல்மேல் பாவிய கடப்பைக் கல் தரை. முதல் நாள் வெறும் வண்டியைத் தூக்கியபோதே கல் விரிந்தது. மூடை அடுக்கினால் பாரம் தரை முழுதும் பரவும். தூக்கியிலோ சில சிறிய இடங்களில் இறங்கும். கட்டட உரிமையாளரிடம் அனுமதி பெற்று, ஒரு வண்டி நிற்கும் அளவுக்குக் கான்கிரீட் போட்டோம்.

சரக்கோடு தூக்கக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பு. சரக்குடன் சிறிய ஏஸ் ஏறக்குறைய ஒன்றரை டன் வரும். தூக்கியின் திறன் அதைவிட மிகுதிதான். ஆனாலும் மேலே அடுக்கிய மூடை ஒருபக்கம் சரிந்தால் திறன் என்ன செய்யும்? அதேபோல, தூக்கியதும் இரும்புப் பூட்டு இருபுறமும் விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் அடியில் கை போக வேண்டும். சேஸிஸில் எந்த இடத்தில் தாங்கலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு தந்த கையேட்டைப் பரணில் போடாதீர்கள். மெல்லிய நீள ஒயர் இழுத்து மோட்டாரை ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் திணறும். அதற்குத் தடித்த ஒயர் வாங்கினோம்.

பக்கத்துக் கிட்டங்கி நண்பர் ஒருமுறை இரவல் கேட்டார்; கொடுத்தோம். எண்ணெய்க் குழாய் கசிவோடு திரும்பி வந்தது. நட்பு கெடக் கூடாது என்று எதுவும் பேசவில்லை. இப்போது யார் கேட்டாலும், பழகிய எங்கள் ஆளோடு சேர்த்தே அனுப்புகிறோம். எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த வண்டி தூக்கப்பட்டது, கசிவு உண்டா என்று எழுத ஒரு நோட்டும் கூடவே போகிறது. இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்த நோட்டை வாங்கிவிடுங்கள்.

வரிப் பதிவு எண்ணோடு முறையான பில் கேட்டு வாங்க வேண்டும். தொழிலுக்கு வாங்கும் கருவி என்பதால், ஜிஎஸ்டியில் கட்டிய வரியை வழக்கமான முறையில் வரவு எடுக்கலாம். காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

அந்தப் பழைய பாட்டில் ஜாக்கிக்குப் புது சீல் போட்டால் ஓடும் என்றார் மெக்கானிக். நாங்கள் அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டோம். தூக்கியைப் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள், ஞாயிறு காலையில் எங்கள் விருதுநகர் கிட்டங்கிக்கு வரலாம். அன்றுதான் அது இங்கே இருக்கும். திங்கள் விடிந்தால் ராஜபாளையம் போய்விடும்.