ஐந்தாவது படியில்தான் பாடம்

பள்ளியில் செய்துவரச் சொன்ன 'புரோஜெக்ட்' வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? அப்பா வெட்டுவார், அம்மா ஒட்டுவார், பிள்ளை பசைக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுநாள் அழகான பொருள் ஒன்று பள்ளிக்குப் போகும். யோசித்தது மட்டும் பிள்ளை இல்லை.

கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்தில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' நான்காம் ஆண்டில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகள், கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் பார்க்கும் வயது. அந்த வயதில் நாம் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, 'கையை வச்சுக்கிட்டு சும்மா இரு' என்கிறோம்.

அமெரிக்காவின் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பொறியியல் பாடத்திட்டத்தை 2003-இல் உருவாக்கத் தொடங்கியது. அதில் ஐந்து படிகள்: கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து. ஐந்தாவதுதான் உயிர். நாமோ நான்காவதிலேயே கடையை மூடிவிடுகிறோம். செய்தது சரியாக வரவில்லை என்றால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.

இதற்கு ரோபோட்டிக் பெட்டி வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியானால் பட்டணத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது தோட்டப்புறப் பிள்ளைக்குக் கிடைக்காது. மலாக்காக்காரர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம் என்பேன். பொறியியல் நம் கொல்லையிலேயே வளர்ந்தது.

1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். பிரேசில் காடுகளில் அப்போது மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்ணாகும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி, பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, சீவிய இடம் மறுபடி வளரும்படியான முறையைச் சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்தார். கோடு ஏன் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே இறங்குகிறது, தெரியுமா? பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அவற்றின் குறுக்கே இறங்கும் கோடு அதிகக் குழாய்களை வெட்டும், பாலும் கூடும். ஆழமாகப் போனால் மரம் கெடும். உளி பிடித்த நம் பாட்டிகள் இதைக் கையாலேயே அறிந்திருந்தார்கள்.

இதையே இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரு சவாலாகக் கொடுக்கலாம். ஒரு பெரிய பாட்டில், கொஞ்சம் களிமண், ஒரு காலி தயிர்க் குவளை. பாட்டிலின் மேலே ஊற்றும் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் குவளைக்கு வர வேண்டும். எப்படி என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு அறிவியல் விழா நடத்திவரும் அஸ்தி போன்ற அமைப்புகளின் பணி பெரிது. ஆனால் போட்டிக்குப் போகிறவர்கள் தேர்ந்தெடுத்த சிலர்தான். வகுப்பில் மிச்சமிருப்பவர்களுக்கு இந்தத் தயிர்க் குவளை போதும்.

என் அக்காள் மகனிடம் கொடுத்துப் பார்த்தேன். முதல் தடவை தண்ணீர் பாட்டிலோடு ஒட்டியே வழிந்து தரைக்குப் போனது. முகம் சுருங்கினாலும் அவன் எழுந்து போகவில்லை. களிமண்ணால் கரை கட்டினான், பாதி வந்தது. பிறகு உறிஞ்சு குழாயை நறுக்கிக் கோட்டின் முனையில் செருகினான். மரம் சீவிக் குடும்பத்தைக் காப்பாற்றிய என் அம்மா, அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் வாய் திறந்தார்: "கோடு ரொம்பப் படுத்திருக்கு ஐயா. எங்க தடைபடுதுன்னு தண்ணியையே பாரு." அவன் குனிந்து பார்த்தான்.