வரம்புடன் விவாதித்தல்: முல்லைப் பெரியாறு அளிக்கும் பாடம்

கேரளமும் தமிழகமும் சந்திக்கும் மலையூர் குமுளி. அதன் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒருங்கே ஒலிக்கும். இவ்வூருக்கு அண்மையில் உள்ள முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரை, இராமநாதபுரம் பகுதிகளையும் அடைகிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு முதலிய ஊர்கள் உள்ளன. ஒரு பக்கத்தாரின் கவலை பாசனத்தைப் பற்றியது. மறு பக்கத்தாரின் கவலை உயிரைப் பற்றியது. இரண்டும் நியாயமான கவலைகளே.

1979-இல் பாதுகாப்பை முன்னிட்டு அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடிவரை உயர்த்தலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-இல் இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்ச்சிகள் உணரப்பட்டன. அச்சமும் வதந்தியும் பரவின. அவ்வாண்டு டிசம்பரில் குமுளி வழியே போக்குவரத்து தடைப்பட்டது. எல்லையின் இருபுறமும் தாக்குதல்கள் நிகழ்ந்தன. பொறியியல் வினா ஒன்று இரு மொழியினரின் பூசலாக மாறியது. அணையைப் பற்றி ஏதும் முடிவு செய்யும் நிலையில் இல்லாத கூலியாட்களும் சிறு வணிகர்களும் துன்புற்றனர்.

2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடியை மீண்டும் உறுதி செய்து, மூவர் கொண்ட மேற்பார்வைக் குழுவையும் அமைத்தது. மத்திய நீர்வள ஆணையத்தின் பிரதிநிதி தலைமை வகித்தார். இரு மாநிலங்களுக்கும் ஒவ்வோர் உறுப்பினர் இருந்தனர். இக்குழுவின் துணைக்குழுவினர் அணைக்குச் சென்று நீர்மட்டத்தையும் மதகுகளின் இயக்கத்தையும் கசிவு நீரின் அளவையும் கூடியே பார்வையிட்டு, பின்னர் குமுளியில் அமர்ந்து விவாதித்தனர். கசிவு 'மிகுதி' என்றோ 'அற்பம்' என்றோ கூறுவதற்கு முன், நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்பது இரு தரப்பாரின் கண்முன்னே அளக்கப்பட வேண்டும். விவாதத்திற்கு வரம்பு விதிப்பது இத்தகைய பொது அளவே.

கிராமக் கூட்டங்களையும் வகுப்பு விவாதங்களையும் நடத்துவோர் இதிலிருந்து சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவதாக, அளந்தறிந்தது எது, ஊகம் எது, அச்சம் எது என்று கரும்பலகையில் தனித்தனியே எழுதுக. இரண்டாவதாக, கூற்றை மறுக்கலாம். கூறியவரின் ஊரையும் மொழியையும் நோக்கத்தையும் இழித்துரைக்க இடமளித்தல் ஆகாது. மூன்றாவதாக, இவ்விதி இரு தரப்பாருக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். தம் பக்கத்தார் வரம்பு மீறும்போது தடுக்கும் நடுவரையே மறு பக்கத்தார் நம்புவர்.

ஆயினும், அச்சத்தை வெளியிடுபவரின் வாயை அடைப்பது நடுவரின் பணி அன்று. அணைக்குக் கீழே வாழும் தாய் ஒருத்தி, "இரவில் நீர் வந்தால் எங்கே போவது?" என்று கேட்பது வதந்தி ஆகாது. அதற்கு எச்சரிக்கை முறையையும் மேட்டு நிலத்திற்குச் செல்லும் வழியையும் விளக்குவதே தக்க விடை. அதனை ஏளனம் செய்தால், அக்கேள்வி கூட்டத்தை விட்டு வெளியேறி வதந்தியாகத் திரும்பி வரும்.

முல்லைப் பெரியாறு குறித்த கருத்து வேற்றுமை இன்னும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் வேற்றுமை நீடிக்கும்போதும் எதிரெதிரே அமர்ந்து ஒரே அளவுகோலைப் படிக்க இயலும் என்பதைக் குமுளி காட்டியுள்ளது.